கட்டிலில் படுத்தால்தான் காப்பீடு... வீட்டிலிருக்கும் வலிக்கு யார் பணம் தருவது?

அக்கி வந்து போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்து, இடுப்புக்கு மேலே வலப்பக்கம் ஒரு பட்டை மாதிரி தழும்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வலி போகவில்லை. ரவிக்கை உரசினால் எரிகிறது. ஃபேன் காற்று பட்டால் சுருக்கென்று குத்துகிறது.

"பச்சமொளகாய அரைச்சுப் பூசுன மாதிரி இருக்கும். தண்ணி ஊத்திக் கழுவினாலும் போவாது" என்கிறார் அந்த அம்மா. வயது 62. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. பெயர் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. வலியைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. சாப்பிடுகிற மருந்துக்குப் பக்கத்தில் தன் பெயர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மருந்து, கஞ்சா இலையில் செய்த எண்ணெய்.

அக்கி என்றதும் முதலில் போனது வில்லியனூர் பக்கம், குயவர் வீட்டுக்கு. காவி குழைத்து அக்கி எழுதினார்கள். குளுமையாக இருந்தது, அவருக்கு அதில் இன்றும் குறையில்லை. ஆனால் டாக்டரிடம் போகும்போது ஆறு நாள் கடந்திருந்தது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதான பிறகோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அக்கியாக வெளியே வருகிறது. அதை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான மருத்துவ விதி. கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு அந்த நரம்பு மட்டும் ஓயாமல் வலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு இது அதிகம். (50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கி வராமல் தடுக்க இரண்டு தவணை ஊசி ஒன்று 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதுவும் கைக்காசுதான்.)

நரம்பு வலிக்கென்று மாத்திரைகள் இல்லாமல் இல்லை. கபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் என்று டாக்டர்கள் வழக்கமாக எழுதுபவை இருக்கின்றன. இவருக்கும் எழுதினார்கள். வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் தலை சுற்றல். ஒருநாள் விடியற்காலை பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல். அன்றோடு மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. டோஸைக் குறைத்துப் பார்த்திருக்கலாம், மருந்தை மாற்றியிருக்கலாம். அதைக் கேட்க இன்னொரு தடவை டோக்கன் போட்டு, இன்னொரு தடவை ஆட்டோ பிடித்து, இன்னொரு தடவை 500 ரூபாய் ஃபீஸ் கொடுக்க வேண்டுமே என்பதுதான் அவர் கணக்கு.

சென்னையில் வேலை பார்க்கும் மகள், இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தார். "அம்மா, விஜயான்னு ஒரு ஆயுர்வேத எண்ணெய். நாக்குக்கு அடியில சொட்டு விடணும். நரம்பு வலிக்கு நல்லதுன்னு போட்டிருக்கான்." வீடியோ காலில் ஆயுர்வேத டாக்டர் 15 நிமிடம் பேசினார். பிரிஸ்கிரிப்ஷன் போனுக்கு வந்தது. மூன்றாம் நாள் பாட்டில் கூரியரில் வந்தது. 'விஜயா' என்பது எந்தச் செடியின் பெயர் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது, பாதி பாட்டில் காலியான பிறகு. சொன்னவர் மருமகன்.

"என்னடி இது, கடைசி காலத்துல என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பப் பாக்குறியா?"

ஒரே செடி, இரண்டு சட்டம்

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கப் பத்திரிகையைப் பிரித்தால் 'கஞ்சா விற்ற வாலிபர் கைது' என்ற செய்தி இல்லாத வாரம் அபூர்வம். 1985-ன் என்.டி.பி.எஸ் சட்டப்படி ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தாலே ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஆனால் அதே சட்டம் 'கஞ்சா' என்று எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதிதான் கஞ்சா. பிசின் சரஸ். இலையும் விதையும் அந்த நுனியோடு சேராமல் தனியாக இருந்தால், கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. வட இந்தியாவில் ஹோலிக்குப் பாங் குடிக்க முடிவது இந்த இடைவெளியில்தான். உரிமம் பெற்ற நிறுவனங்கள் இலையிலிருந்து ஆயுர்வேத மருந்து தயாரிப்பதும் இதே இடைவெளியில்தான். 1940-ன் மருந்துகள் சட்ட விதிகளில், நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருள்களுக்கென்று 'ஷெட்யூல் இ-1' என்றொரு பட்டியல் இருக்கிறது. இந்தச் செடி அதில் உண்டு. அப்படிப்பட்ட மருந்தின் லேபிளில் 'மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். எனவே டாக்டர் சீட்டோடு, உரிமம் உள்ள இடத்தில் வாங்கினால் குற்றமில்லை. சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, இந்த பாட்டிலோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறினால், இந்திய டாக்டரின் சீட்டு அங்கே காப்பாற்றாது.

செடி நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். கல்கத்தாவில் வேலை பார்த்த ஓஷாக்னஸி என்ற ஐரிஷ் டாக்டர், வாத வலிக்கும் இழுப்புக்கும் இதைக் கொடுத்துப் பார்த்து 1839-ல் எழுதினார். மேற்கத்திய மருத்துவம் இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

எரிச்சல் தருவது வேறு ஒன்று. ராத்திரி வலி தாங்காமல் ஒரு குவார்ட்டர் வாங்க வேண்டுமென்றால் புதுச்சேரியில் நாலு எட்டு நடந்தால் போதும். சாராயக்கடை, கள்ளுக்கடைகூட ஏலம் விட்டு நடக்கும் ஊர். யாரும் பெயர் கேட்பதில்லை, யாருக்கும் கூச்சமில்லை. அதே தெருவில் ஒரு பாட்டி டாக்டர் சீட்டோடு சொட்டு மருந்து வாங்கினால் கூரியர் கவரை முந்தானைக்குள் மறைக்க வேண்டியிருக்கிறது.

பில் இருக்கிறது, பெட் இல்லை

30 மில்லி பாட்டில் 2,850 ரூபாய். சொன்ன அளவில் போட்டால் 20 நாள் வரும். மாதத்துக்கு 4,275. டாக்டரிடம் மாதம் ஒருமுறை ஆன்லைனில் பேச 500. ஆக 4,775 ரூபாய். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா இதைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு மேல் வரியில் இன்னொரு எண் இருக்கிறது: 1,870. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் 22 வருடம் வேலை பார்த்த அவர் கணவருக்கு வரும் மாதாந்தர பி.எஃப் பென்ஷன் அது. (இந்தப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014-ல் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது.) ஒருவரின் மருந்து, இன்னொருவரின் பென்ஷனைப்போல் இரண்டரை மடங்கு.

பணம் போடுவது மகள். மாதம் பிறந்தால் ஜிபே-யில் வந்துவிடுகிறது. அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. அவருடைய கம்பெனி எடுத்துத் தந்த குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோருக்கும் சேர்த்து 3 லட்சம் கவரேஜ் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் முதல் மூன்று மாத பில்களைச் சேர்த்து கிளெய்ம் போட்டார். இரண்டு வரியில் பதில் வந்தது. புறநோயாளிச் செலவு இந்த பாலிசியில் சேராது.

மறுத்தது கஞ்சா என்பதால் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பாராசிட்டமாலாக இருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கானது. அட்மிட் ஆக வேண்டும், அதுவும் பொதுவாக 24 மணி நேரம். ஆயுர்வேதம், சித்தா போன்ற ஆயுஷ் சிகிச்சைகளையும் மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் இருந்து சொல்லிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் புறநோயாளிச் செலவுக்குத் தனியாகப் பாலிசி எடுக்காதவரைக்கும், அதுவும் கட்டிலில் படுத்தவருக்குத்தான். ஆயுஷ்மான் பாரத் அட்டையும் அப்படித்தான். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்து கிடைக்கும். மூன்று வருட வலிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நாள்பட்ட வலிக்காரர் அட்மிட் ஆவதில்லை. அவர் வீட்டில் இருக்கிறார், சோறு வடிக்கிறார், ஒரு கையால் ரவிக்கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

எதிர்வீடு, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பம். அந்த வீட்டுப் பெண் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, "அங்க இதெல்லாம் கவர்ன்மென்ட்டே சும்மா குடுக்குது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி உண்மை. பிரான்ஸில் 2021 மார்ச்சில் ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 3,000 நோயாளிகள் வரை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மற்ற மருந்துகள் பலிக்காத நரம்பு வலி, அடங்காத வலிப்பு, புற்றுநோய்த் தொல்லை என்று சில நோய்களுக்கு மட்டும், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மட்டும். உள்ளே வந்தவர்களுக்கு மருந்து இலவசம். தெருமுனை மருந்துக் கடையில் கேட்டால் கிடைத்துவிடாது. ஜெர்மனி ஒரு படி மேலே போனது. 2017 மார்ச்சிலிருந்து, கடுமையான நோய் உள்ளவருக்கு டாக்டர் எழுதித் தந்தால் பொதுக் காப்பீடே செலவை ஏற்கலாம் என்று சட்டம் செய்தது. அமெரிக்காவில் கதை நேர்மாறு. பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்தாலும், செடியை மருந்தாக மத்திய மருந்து அமைப்பு அங்கீகரிக்காததால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தருவதில்லை. அங்கேயும் நோயாளி தன் பர்ஸைத்தான் திறக்கிறார்.

காசுக்கு ஏற்ற மருந்தா?

இந்தக் கேள்வியை விளம்பரம் கேட்காது.

அம்மாவைக் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்கிறார். "எரிச்சல் அப்படியேதான் இருக்கு. ஆனா ராத்திரி நாலு மணி நேரம் ஒரே மூச்சா தூங்குறேன். முன்னெல்லாம் ஒரு மணிக்கு ஒரு தடவை முழிப்பு." மூன்று வருடமாகத் தூங்காதவருக்கு நாலு மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஆராய்ச்சிகள் விளம்பரங்கள் அளவுக்கு உற்சாகமாக இல்லை. நாள்பட்ட நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்துகள் பயன்படுகின்றனவா என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2018-ல், நல்ல தரமான ஆதாரம் இல்லை, கிடைக்கும் நன்மையைவிடத் தொல்லைகள் மிஞ்சிவிடலாம் என்று சொன்னது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2019-ல், நாள்பட்ட வலிக்கு இதை எழுத வேண்டாம் என்றது. உலக வலி ஆராய்ச்சியாளர் சங்கமான ஐ.ஏ.எஸ்.பி 2021-ல், பொதுவாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று அறிவித்தது. செடியில் ஒன்றுமே இல்லை என்பது இதற்குப் பொருள் அல்ல. ஆராய்ச்சி இன்னும் நடக்க வேண்டும். ஜம்முவில் சி.எஸ்.ஐ.ஆர்-ன் ஐ.ஐ.ஐ.எம் நிறுவனம் உரிமம் பெற்று இந்தச் செடியைப் பயிரிட்டு, நரம்பு வலி, புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்தாக்க ஆய்வு செய்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா-வின் போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தானவை என்ற பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று.

ஆக, ஒரு குடும்பம் வருடத்துக்கு 57,300 ரூபாய் கொடுப்பது, பாதி நிரூபணமான ஒரு பொருளுக்கு. விற்பவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். தூக்க மாத்திரையோ வேறு நரம்பு மாத்திரையோ கூடச் சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும், வண்டி ஓட்டக் கூடாது, இதய நோயோ மனநலப் பிரச்னையோ இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம்கூட அந்த 15 நிமிடத்தில் யாரும் சொல்லவில்லை என்கிறார் மகள்.

இதற்குள் அம்மா ஒரு வேலை செய்துவைத்திருந்தார். நாலு சொட்டு போட வேண்டிய இடத்தில் இரண்டு சொட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். 20 நாள் பாட்டிலை 45 நாள் இழுத்தார். மகளிடம் "முடிஞ்சுபோச்சு, அடுத்தது போடு" என்று சொல்லவில்லை. மகள் கேட்டபோது, "இப்ப வலி கொறஞ்சிருக்குமா" என்றார். குறையவில்லை. தீபாவளிக்கு வந்த மகள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, தேதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். அன்று அந்த வீட்டில் பெரிய சண்டை. இரண்டு பேருமே அழுதார்கள். "உன் காசைக் கரைச்சு நான் தூங்கணுமா?" என்பது அம்மாவின் கட்சி.

அடுத்த வாரம் மகள் லீவு போட்டு அம்மாவை கோரிமேடு ஜிப்மருக்கு அழைத்துப் போனார். கடலூர், விழுப்புரம் பஸ்கள் விடியற்காலையிலேயே கொண்டுவந்து கொட்டும் கூட்டத்தில் நின்று, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்க்க மதியமாகிவிட்டது. இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னார்கள். பாத்ரூமில் விழுந்தது, மாத்திரையை நிறுத்தியது, எண்ணெய் பாட்டில். டாக்டர் திட்டவில்லை. பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். பழைய மாத்திரையையே கால்வாசி அளவில், ராத்திரி மட்டும், மெதுவாக ஏற்றலாம் என்றார். எண்ணெயை அதோடு சேர்த்துப் போட வேண்டாம் என்றார். வலிக்கு மேலே ஒட்டும் மரத்துப்போகும் மருந்துப் பட்டை ஒன்றும் எழுதினார்.

வலி மருந்து என்றாலே சட்டத்தைப் பார்த்து ஒதுங்கும் பழக்கம் இந்த எண்ணெயோடு தொடங்கியதல்ல. புற்றுநோய் வலிக்கு உலகமே நம்பும் மார்ஃபினும் அதே 1985 சட்டத்தின் கீழ் வருவதுதான். ஒரு பாட்டில் வாங்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே பயந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி என்று சுலபமாக்கினார்கள். அதற்கு 29 வருடம் ஆனது.

நூற்றிருபது ரூபாய்

காப்பீட்டைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது மகள் கண்ணில் பட்டது, எல்லோரும் மறந்துபோன ஒரு விஷயம். அப்பா வேலையில் இருந்தவரை அந்த வீட்டில் இ.எஸ்.ஐ இருந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கான காப்பீடு அது. மற்ற பாலிசிகளைப்போல அல்லாமல், டிஸ்பென்சரியில் போய் நின்றால் தினசரி மாத்திரையும் தருவார்கள், குடும்பத்துக்கும் சேர்த்து. 2019-ல் 58 வயதில் அவர் ஓய்வு பெற்றதும் அட்டை பீரோவுக்குள் போய்விட்டது.

போயிருக்க வேண்டியதில்லை. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ-யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஒரு சிறு தொகை கட்டித் தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். விதியிலேயே இருக்கிறது.

"எவ்வளவு கட்டணுமாம்?"

"நூத்திருபது ரூபாப்பா."

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பீரோவைத் திறந்தார்.

அங்கே கிடைக்கப்போவது விஜயா எண்ணெய் அல்ல. நரம்பு வலிக்கான சாதாரண மாத்திரைகளும், அளவு பார்த்துக் கூட்டிக் குறைக்க ஒரு டாக்டரும்தான். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. இப்போது கால்வாசி மாத்திரையில் மூன்றரை மணி நேரம் தூங்குகிறார், தலைசுற்றல் இல்லை. எண்ணெயை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. அந்த நாலு மணி நேரத் தூக்கத்தை மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறார்.

இ.எஸ்.ஐ எண் பழைய சம்பளச் சீட்டில் கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்ற தேதிக்கும் சர்வீஸுக்கும் கம்பெனி சான்று தர வேண்டும். கம்பெனி கைமாறி, பழைய ரெஜிஸ்டர் எங்கே என்று ஆபீஸில் தேடுகிறார்கள். அவர் இதுவரை இரண்டு முறை சைக்கிளில் தட்டாஞ்சாவடிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.